புதிய மடிக்கணினியோடு வரும் ஆன்டிவைரஸ்: வைத்துக்கொள்ளலாமா, நீக்கிவிடலாமா?

புதிய விண்டோஸ் மடிக்கணினிகளில், தயாரிப்பு நிறுவனமே ஏதாவதொரு ஆன்டிவைரஸ் மென்பொருளைப் போட்டு அனுப்புவது நெடுநாளைய வழக்கம். இரு நிறுவனங்களுக்கிடையிலான வணிக ஏற்பாடு இது. முதலில் சில காலம் இலவசம், அதன்பின் ஆண்டுச் சந்தா. எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதும் விண்டோஸ் 11 மடிக்கணினியோடு வந்த அப்படியொரு மென்பொருளை, இலவசக் காலம் முடிவதற்கு முன்னும் பின்னும் கவனித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

வைரஸைப் பிடிக்கும் வேலையில் அதன்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. பென் டிரைவைச் செருகினால் சோதிக்கிறது, சந்தேகமான கோப்பைத் தடுக்கிறது. குறையெல்லாம் அது காட்டும் அறிவிப்புகளில்தான் இருக்கிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் வவுச்சர் பதிபவர் ஒவ்வொரு கட்டத்தையும் என்டர் தட்டியே கடந்து போவார். அவர் கை ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்த மென்பொருளின் பெட்டி திரையில் எழும்பி, அடுத்து விழும் என்டரைத் தான் வாங்கிக்கொண்டு, சந்தா கட்டும் பக்கத்தைப் பிரவுசரில் திறந்துவிடுகிறது. பெட்டியில் ‘இப்போதே புதுப்பிக்கவும்’ என்ற பொத்தான் பெரிதாகச் சிவப்பில் இருக்கிறது. ‘பிறகு நினைவூட்டவும்’ என்பது வெளிறிய சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் இருக்கிறது. ‘இனி காட்ட வேண்டாம்’ என்பதற்கு இடமே இல்லை. வைரஸ் எதுவும் அகப்படாத நிலையிலும், சந்தா முடியப்போகிறது என்பதற்காக மட்டும் ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. விற்பனைக்கும் எச்சரிக்கைக்கும் ஒரே சிவப்பைப் பயன்படுத்தினால், கணினியில் உட்காருபவர் எல்லாப் பெட்டிகளையும் படிக்காமலேயே மூடப் பழகிவிடுவார். உண்மையான எச்சரிக்கை வரும் நாளில் அதையும் மூடிவிடுவார். பாதுகாப்பு மென்பொருள் செய்யக்கூடாத காரியம் இதுதான்.

இந்த அறிவிப்புகளை நிறுத்த வழி உண்டா என்றால், பாதி அளவுக்கு உண்டு. மென்பொருளின் சொந்த செட்டிங்ஸில் சலுகை அறிவிப்புகளை அணைக்கலாம். சந்தா நினைவூட்டலை அணைக்க அங்கே வழி வைக்கவில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அந்த மென்பொருளின் பெயருக்கு எதிரே உள்ள ஸ்விட்சை அணைத்தால், விண்டோஸ் வழியாக வலது கீழ் மூலையில் வருபவை நின்றுவிடும். ஆனால் மென்பொருள் தானே வரைந்து காட்டும் பெட்டிகள் விண்டோஸின் வழியாக வருவதில்லை என்பதால், அவற்றுக்கு இந்த ஸ்விட்ச் கட்டுப்படாது. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் அணைத்தாலும் பெரிய பயன் இல்லை. இத்தகைய மென்பொருள்கள் பின்னணியில் சர்வீஸாக, அதாவது அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்படாமல் விண்டோஸோடு தானே தொடங்கி ஓடுபவை.

இன்னொரு வகை அறிவிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரபலமான ஆன்டிவைரஸின் சின்னத்தோடு வந்து மிரட்டும் பெட்டிகளில் பல, எப்போதோ ஏதோவொரு இணையதளம் கேட்டபோது ‘அலவ்’ என்று அழுத்தியதன் விளைவாக குரோம் வழியே வருபவை. செய்தியோடு ஒரு இணைய முகவரியும் சிறிய எழுத்தில் தெரிந்தால் அது அந்த வகை. ஆன்டிவைரஸை நீக்கினாலும் அது நிற்காது. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், அந்த முகவரியை நீக்க வேண்டும்.

இலவசக் காலம் முடிந்த மென்பொருளை ஒவ்வொரு மூலையாக வாயடைக்க முயல்வதைவிட நீக்கிவிடுவதே சரி என்பது என் முடிவு. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியாக நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்து திறந்தால் விண்டோஸ் முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. அதன் பிறகும் மிச்சம் மீதி இருந்தால், மெக்காஃபி, நார்ட்டன் போன்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருளைத் துடைத்தெடுக்கத் தனிக் கருவிகளை இலவசமாகவே தருகின்றன. அவற்றை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

நீக்கிய பின் கணினி காவலின்றிக் கிடக்கும் என்று அஞ்ச வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே மைக்ரோசாஃப்டின் சொந்த டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக உள்ளேயே இருக்கிறது. வேறொன்று நிறுவப்பட்டால் ஒதுங்கிக்கொண்டு, அது போனதும் தானே இயங்கத் தொடங்கும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைக்கூடம் 18 புள்ளிகளுக்கு நடத்தும் சோதனைகளில் அது பலமுறை முழுப் புள்ளிகள் வாங்கியிருக்கிறது. உண்மையில் விழித்திருக்கிறதா என்று பார்க்க, ஐகார் சோதனைக் கோப்பு என்ற, 68 எழுத்துகள் மட்டுமே கொண்ட தீங்கில்லாத உரையை நோட்பேடில் ஒட்டிச் சேமித்துப் பார்க்கலாம். டிஃபெண்டர் அதை வைரஸாகக் கருதிப் பிடித்துவிட வேண்டும். டிஃபெண்டரும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையச் சொல்லி மஞ்சள் முக்கோணம் காட்டுவதுண்டு, ஆனால் அங்கே ‘டிஸ்மிஸ்’ என்று அழுத்தினால் போய்விடுகிறது. அதற்காக, டிஃபெண்டரைக் கையாளும் செயலியான விண்டோஸ் செக்யூரிட்டியின் அறிவிப்புகளையே அணைத்துவிடாதீர்கள். உண்மையான எச்சரிக்கை வருவது அதன் வழியாகத்தான்.

குடும்பத்தில் பல கருவிகளுக்குச் சேர்த்து, விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் வசதி), பிள்ளைகளுக்கான கட்டுப்பாடு போன்ற வசதிகளும் வேண்டும் என்பவர்கள் சந்தா கட்டலாம். கட்டினால், இரண்டாம் ஆண்டுக்கான கட்டணத்தையும் பார்த்துவிட்டு, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே அணைத்துவிடுங்கள்.

கணக்கு அலுவலகங்களுக்கு மட்டும் ஒன்று. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு எதிராக டிஃபெண்டரில் உள்ள ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்கி, கணக்குத் தரவு இருக்கும் ஃபோல்டரையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்; அந்த ஃபோல்டரில் எழுதவிடாமல் டேலியையே அது தடுத்தால், அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் டேலியையும் சேர்த்துவிட்டால் வேலை தடைபடாது.