சிங்கப்பூரில் ‘சினிமா லொகேஷன் டூர்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: என் 25,000 ரூபாய் போய்விட்டது

‘ப்ரியா’ படம் எடுத்த இடங்களைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று என்னிடம் 25,000 ரூபாய் வாங்கிய ஆள், இன்று மதியத்திலிருந்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். லிட்டில் இந்தியாவில் விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருடைய விளம்பரம் இந்த நிமிஷமும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இந்த அவசரம்.

1978ல் வந்த படம். சுஜாதாவின் நாவல், எஸ்.பி. முத்துராமன் இயக்கம், வக்கீல் கணேஷாக ரஜினி, கூடவே ஸ்ரீதேவி, இளையராஜாவின் பாட்டுகள். எங்கள் வீட்டில் எல்லோரும் சிங்கப்பூரை முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். அந்த இடங்களில் போய் நிற்க வேண்டும் என்பது எனக்குப் பல வருஷத்து ஆசை. தனியாக வருகிற பெண், ஊர் தெரிந்த தமிழ் ஆள் துணைக்கு இருந்தால் நல்லது என்று வழிகாட்டி தேடினேன். சமூக வலைத்தளத்தில் ஒரு சுற்றுலாப் பக்கம் கண்ணில் பட்டது.

அந்த ஆள் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. படத்தைப் பற்றித்தான் பேசினார். நாவலில் ஒரு மாதிரி, படத்தில் வேறு மாதிரி என்று வாதாடினார். “அக்கா, எங்க அப்பா அந்த ஷூட்டிங்கை நேர்ல பார்த்தவரு. எந்த இடத்துல கேமரா வச்சாங்கன்னு அவரே எனக்குக் காட்டியிருக்காரு” என்றார். பாட்டை முனகி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எனக்கு மட்டும் தனி வண்டி, கூடவே அவர், ஜூரோங் பறவைப் பூங்கா, சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை, செந்தோசா தீவுக்கான கேபிள் கார் டிக்கெட் எல்லாம் சேர்த்து 25,000. “சிங்கப்பூர் கணக்குன்னா உங்களுக்குக் கமிஷன் போகும்க்கா, ஊர்ல தம்பி கணக்குக்கு ஜிபே பண்ணிடுங்க” என்றார். அப்பாவின் கதையைச் சொல்லி ஒருவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அனுப்பினேன்.

காலையில் வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார். வெகுநேரம் கழித்து ஒரு வேன் வந்தது. அவர் வரவில்லை. உள்ளே வேறு இரண்டு குடும்பங்கள். ஓட்டி வந்தவருக்குப் படத்தின் பெயர்கூடத் தெரியாது. “ஏத்திட்டு வரச் சொன்னாங்கம்மா, அவ்வளவுதான்.” பறவைப் பூங்காவைக் கேட்டேன். “அது மூடியாச்சே!” என்றார். ஆமாம், ஜூரோங் பூங்கா 2023 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டது. பறவைகள் எல்லாம் மண்டாயில் இருக்கும் புதுப் பூங்காவுக்குப் போய்விட்டன. இல்லாத இடத்தை எனக்கு விற்றிருக்கிறார்கள்!

மெர்லயனில் இறக்கிவிட்டு, கொஞ்ச நேரத்திலேயே ஏறு ஏறு என்று அவசரப்படுத்தினார்கள். அந்தச் சிலை 1972ல் திறக்கப்பட்டபோது இருந்த இடம் வேறு. 2002ல்தான் 120 மீட்டர் நகர்த்தி இப்போதைய இடத்தில் வைத்தார்கள். 78ல் வந்த படத்தைத் தேடி வருகிறவளுக்கு அந்தப் பழைய இடம்தான் முக்கியம். அதைக் காட்ட ஒருவரும் இல்லை. அப்புறம் ஹாவ் பார் வில்லா வாசலில் என்னை மட்டும் இறக்கிவிட்டு, “பக்கத்துலேயே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) இருக்கு” என்று சொல்லி வேன் போய்விட்டது. அந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, மெர்லயனுக்கும் கிடையாது. கேபிள் கார் டிக்கெட் கடைசிவரை வரவில்லை. 25,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது ஒரு வேன் சவாரி.

போன் செய்தால் “மீட்டிங்ல இருக்கேன்க்கா.” அப்புறம் “ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்.” அப்புறம் “இடங்கள் மாறலாம்னு பேக்கேஜ்லயே போட்டிருக்கே.” எனக்கு அனுப்பிய எதிலும் அப்படி ஒரு வரி இல்லை. சிராங்கூன் ரோட்டில் அவர் கொடுத்த முகவரிக்கே போனேன். மாடியில் ஒரு செல்போன் கடை. “இங்க ஒரு மேஜை வாடகைக்கு எடுத்திருந்தாங்க, காலி பண்ணிட்டாங்க” என்று கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். வெளியே வந்து ரீஃபண்ட் கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன். அதோடு பிளாக்.

வருகிறவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடிகிறது. சிங்கப்பூரில் வழிகாட்டியாக வேலை செய்ய சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிம அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் பேச்சை நிறுத்துங்கள். தனி ஆள் கணக்குக்கு, அதுவும் இந்தியாவில் இருக்கிற கணக்குக்கு, முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடமும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தியக் கணக்கிலிருந்து பணம் போனால் உடனே 1930 என்ற இந்திய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். நான் கொடுத்துவிட்டேன், வங்கிக்கும் எழுதிவிட்டேன்.

அவருடைய வாய்ஸ் மெசேஜ்கள், பணம் போன கணக்கு விவரம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். ‘அப்பா ஷூட்டிங் பார்த்தவர்’ என்ற கதையை வேறு யாராவது கேட்டுப் பணம் கட்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.