டென்ட் போட்டுத் தங்கும்போது மடிப்புக் கட்டில் பெரிய நாய்க்குச் சரிவருமா?

அல்சேஷன், லாப்ரடோர் போன்ற 30–40 கிலோ நாய்களுக்கென விற்கும் வலைத்துணி மடிப்புக் கட்டில், பண்டாரவளை வெயிலுக்கு அருமை. நுவரெலியாவின் ஜனவரி இரவில் அப்படியே போட்டால் நாய் பாவம். அடியால் காற்று ஓடி வயிற்றுச் சூட்டை இழுத்துவிடும். மேலே தண்ணீர் குடிக்காத 10 மில்லிமீற்றர் ஃபோம் தகடு, அதன்மேல் மடித்த கம்பளி. பஞ்சு மெத்தை வேண்டாம்; பனியில் நனைந்தால் மறுநாளும் காயாது.

சுருண்டு படுக்கும் அளவை நம்பாதீர்கள். மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை அளந்து 20 சென்டிமீற்றர் கூட்டுங்கள்.

கால்கள்தான் இதன் பலவீனம். ஈரமண்ணில் ஒரு பக்கம் புதைந்து சாய்ந்தால், நாய் இறங்கி வெறுந்தரையில் படுத்துவிடும். ஒவ்வொரு காலுக்கும் கீழே உள்ளங்கை அகலப் பலகைத் துண்டு வையுங்கள். டென்டின் அடித்துணியும் தப்பும். மூலைத் தையல் ஒற்றையாக இருந்தால் நகம் மாட்டிப் பிரியும், கடையிலேயே இழுத்துப் பாருங்கள். டென்ட் சுவரில் ஒட்டவும் கூடாது, அங்கே வியர்க்கும் நீர் கம்பளிக்கு வரும்.

இரத்தம் உறிஞ்சும் அட்டையை இது தடுக்காது. விரலிடுக்கு, காதுமடல், மூக்கு மூன்றையும் படுக்குமுன் பாருங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்கென்று வாங்குவதானால் விட்டுவிடுங்கள்: தேசியப் பூங்காவுக்குள் நாயை விடமாட்டார்கள்.