எங்ராக்கா, கிளவுட்ஃபிளேர் டனலா?

பெங்களூரு அல்சூரில் அறையெடுத்துத் தங்கியபடி, மடிக்கணினியில் ஓடும் இணையதளத்தைச் சேலத்து வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். பல வீட்டு இணைப்புகளில் தனிப் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரடியாக அணுகக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை. அதனால் ரூட்டரில் போர்ட் (வெளி இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்தும் பயனில்லை. எங்ராக் (ngrok), கிளவுட்ஃபிளேர் டனல் ஆகிய இரண்டு கருவிகளும் உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்தி இந்தத் தடையைத் தாண்டுகின்றன.

எங்ராக்கின் உண்மையான பலம், வந்து சேரும் ஒவ்வொரு கோரிக்கையையும் உங்கள் கணினியின் 4040 போர்ட்டில் பிரித்துக் காட்டுவதுதான். அதையே மீண்டும் அனுப்பியும் பார்க்கலாம். பணம் செலுத்தும் சேவையின் வெப்ஹூக்கை (ஒன்று நடந்ததும் அது நம் தளத்துக்குத் தானாக அனுப்பும் செய்தியை) சோதிப்பவர்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் இலவசத் திட்டத்தில் உலாவியில் திறப்பவருக்கு முதலில் எச்சரிக்கைப் பக்கம்தான் வரும். வாடிக்கையாளர் மிரண்டுவிடுவார்.

கிளவுட்ஃபிளேர் டனல் 2021 முதல் இலவசம். விரைவு டனலுக்குக் கணக்கே வேண்டாம், முகவரி மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். நிலையான முகவரிக்குச் சொந்த டொமைன் தேவை. மாதக்கணக்கில் ஓட வேண்டியவற்றுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். இலவசத் திட்டத்தில் ஒரே கோரிக்கையில் 100 எம்பிக்கு மேல் பதிவேற்ற முடியாது.

எதுவானாலும் தளத்தைப் பூட்டில்லாமல் திறந்துவிடாதீர்கள். நுழைபவர் யாரென்று சரிபார்க்கும் சேவையான கிளவுட்ஃபிளேர் ஆக்சஸ், மின்னஞ்சலுக்கு ஒருமுறைக் குறியீடு அனுப்பியே உள்ளே விடும். 50 பேர் வரை இலவசம்.