கோழியா, மாடா? விலைவாசி பார்க்க எதை எழுதி வைப்பது

உணவு விலைவாசி ஏறுகிறதா இறங்குகிறதா என்று இறைச்சிக் கடைப் பலகையை வைத்தே பார்த்துவிடலாம் என்று ஒரு நோட்டு போட்டேன். முதல் வருஷம் இரண்டு பத்தி: மாட்டிறைச்சி, முழுக் கோழி. இப்போது கோழியை மட்டும்தான் நம்பி எழுதுகிறேன்.

கோழி மலிவு, வாங்குவோர் அதிகம் என்பதெல்லாம் தெரிந்த கதை. எனக்கு முடிவைச் சொன்னது வேறு: இன்று பலகையில் இருக்கும் விலை எந்தக் காலத்துச் செலவைப் பேசுகிறது?

கறிக்கோழி ஆறேழு வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும். வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனம். அதில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். தானிய விலை ஏறினால் ஓரிரண்டு பேட்ச் முடிவதற்குள் கோழி விலையில் தெரிந்துவிடும். கோழியை எழுதுகிறவர் பாதி தானியத்தையும் சேர்த்தே எழுதுகிறார்.

மாட்டுக்குக் கணக்கே வேறு. சினைக்காலம் ஒன்பது மாதம், கன்று கறிக்கு ஆக இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம். வறட்சியில் புல் காய்ந்து தீவனம் ஏறும்போது பண்ணைக்காரர் மாட்டை விற்றுத் தள்ளுவார். வெட்டுக்கு வரத்து கூடி, ஏற வேண்டிய நேரத்தில் விலை தணியும். பிறகு மழை பெய்து தீவனம் மலிந்ததும் கிடேரிகளை ஈனுவதற்கென்று நிறுத்திக்கொள்வார். அப்போதுதான் கறிக்கு மாடு வராமல் விலை எகிறும். மற்ற உணவெல்லாம் இறங்குகிற நேரத்தில் நம் நோட்டு மட்டும் ஏறுமுகம் காட்டும்.

அமெரிக்காவில் வறட்சி வருஷங்களில் மந்தையைக் கழித்ததில் 2025 ஜனவரி 1 கணக்குப்படி மாடு 8.67 கோடிதான். 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. அதே வருஷம் ஜூலையில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் இறைச்சி விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சம் தொட்டது. தூக்கிவிட்டது மாடும் ஆடும். மொத்த உணவுக் குறியீடோ 2022 மார்ச் உச்சத்தைவிட சுமார் 19 சதவீதம் கீழே கிடந்தது. மாட்டிறைச்சியை மட்டும் எழுதியிருந்தால் உணவெல்லாம் தீப்பிடித்ததாக நினைத்திருப்பேன்.

அந்தக் குறியீட்டையே பார்த்துவிட்டுப் போகலாமே என்றால், அது ஏற்றுமதிச் சந்தை விலை. கடை வாடகை, வெட்டுக்கூலி, குளிர்பெட்டி மின்சாரம் எதுவும் அதில் இல்லை. அரசுகள் வெளியிடும் நுகர்வோர் குறியீடு இதைவிட நேர்மையான அளவுகோல்தான். நோட்டு அதற்கு மாற்று ஆகாது. மாத அறிக்கை வருமுன் காற்று எந்தப் பக்கம் என்று காட்டும், அவ்வளவே.

கோழிக்கும் குறை உண்டு. வாரத்துக்கு வாரம் துள்ளும். பறவைக் காய்ச்சல் வந்தால் கோழிகளை அழித்ததில் விலை ஏறும், சில சமயம் வாங்கவே பயந்து விழும். அதனால் நான்கு வாரச் சராசரி எடுத்து, போன வருஷம் இதே மாதத்தோடு வைத்துப் பார்க்கிறேன். சில்லறை விலை ஏறும்போது ஓடும், இறங்கும்போது நொண்டும். எனவே இறக்கத்தைத் தாமதமாகத்தான் நம்புகிறேன்.

இன்னொன்று, எழுதுகிற பொருள் மாறக் கூடாது. ஒரு வாரம் என் கணக்கு திடீரென்று துள்ளியது. என்னவென்று பார்த்தால், தோலுடன் எழுத வேண்டிய இடத்தில் தோலுரித்ததன் விலையை எழுதியிருந்தேன். உயிர் எடை, கறி எடை குழப்பம் இதைவிட மோசம்: இரண்டு கிலோ கோழியைச் சுத்தம் செய்தால் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தேறும். இப்போது பத்தியின் தலையிலேயே ‘முழுக்கோழி, தோலுடன், கறி எடை’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பன்றியைப் பற்றி என் அனுபவம் சொற்பம். ஆறு மாதத்தில் வெட்டுக்கு வருவதால் கோழிக்கும் மாட்டுக்கும் நடுவில் நிற்கும் என்பது என் ஊகம். ஆனால் 2018-இல் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவி, 2019 நவம்பரில் பன்றி இறைச்சி ஓராண்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நுகர்வோர் விலைவாசி மொத்தமாக ஏறியது 4.5 சதவீதம். நோட்டில் அதற்கும் ஒரு பத்தி கோடு போட்டிருக்கிறேன். நான்கு வரிதான் நிரம்பியிருக்கிறது.