முகாமில் மனசு கனத்தால்: ஆசிரியரா, 14416-ஆ?

நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் ஏழு நாள். பகல் முழுக்க மரம் நடுவது, குளம் சுத்தம் செய்வது என்று ஓடிவிடும். இரவில் பள்ளி வகுப்பறையில் பாய் விரித்துப் படுக்கும்போதுதான் பிளஸ் ஒன் பையனுக்கு அழுகை முட்டும். யாரிடம் சொல்வான்?

முகாம் ஆசிரியர் பக்கத்திலேயே இருக்கிறார். அவன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்பது அவர் கண்ணில் படும். சேர்ந்து மண்வெட்டி பிடிக்கும்போது முகம் பார்க்காமலே பேச்சு வந்துவிடும்; ஸ்டாஃப் ரூமில் அது நடக்காது. சிக்கல் என்னவென்றால், திங்கட்கிழமை வகுப்புக்கு வருவதும் அவர்தான். வீட்டில் சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் (14416) என்ற மனநல உதவித் தொலைபேசி சேவை இலவசம். 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பேசுகிறவருக்கு அவனைத் தெரியாது, அதுவே நிம்மதி. ஆனால் முதல் நாளே போனை வாங்கி வைத்துவிடுவார்களே! மலையடிவார ஊரென்றால் சிக்னலும் சந்தேகம்தான்.

வீட்டு நினைப்பு, நண்பர்களோடு மனஸ்தாபம் என்றால் ஆசிரியரே போதும். சொல்லக் கூசுகிற விஷயத்துக்கு 14416 மேல். தொந்தரவு கொடுப்பதே முகாமில் உள்ள பெரியவர் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. 'செத்துடலாம்' என்ற எண்ணம் வந்தால் என் ஓட்டு ஆசிரியருக்குத்தான், அதுவும் அந்த இரவே. போனில் பேசுகிறவரால் பக்கத்தில் உட்கார முடியாது. ஆசிரியரோ கூட இருந்தபடியே தன் போனில் 14416-ஐ அழைத்துக் கொடுக்கலாம்.