வகுப்பா, அச்சகமா? மட்டக்களப்பில் கிராபிக் டிசைன் பழகப் போகிற ஒருத்திக்காக

அக்காவின் மகள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள். டிசைன் பழக ஆசை. "மாமா, வகுப்புக்குப் போறதா, உங்களப் போல பிரஸ்ஸுக்குப் போறதா?" என்று கேட்டாள். இரண்டு பக்கமும் போய்வந்தவன் நான். டவுனில் ஆறு மாத வகுப்பு ஒன்றை முடித்துவிட்டுத்தான் ஓர் அச்சகத்தில் ஏறினேன். என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரஸ்.

காசுக் கணக்கைப் பேசி நீட்ட ஒன்றுமில்லை. வகுப்புக்கு நாம் கட்ட வேண்டும். பிரஸ்ஸில் முதல் மாதங்களில் கிடைப்பது பஸ் காசும் தேத்தண்ணியும்தான்.

வகுப்பில் கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். போட்டோஷொப்பில் லேயர், மாஸ்க், பென் டூல் எல்லாம் ஒழுங்காக வந்தது அங்கேதான். போட்டோ புள்ளிகளால் ஆனது, இழுத்தால் உடையும்; லோகோவைக் கோடுகளால் வரைந்தால் எவ்வளவு பெருக்கினாலும் உடையாது என்பதை ஒரே நாளில் விளங்க வைத்தார் சேர். ஆனால் ஆறு மாதமும் நாங்கள் செய்தது கோப்பிக் கடை லோகோவும் ஜிம் போஸ்டரும்தான், அதுவும் ஆங்கிலத்தில். ஒரு தமிழ்ச் சொல் கூட அடிக்கவில்லை.

பிரஸ்ஸில் முதல் வாரமே ஒரு கலியாணக் காட். மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். எடுத்து போட்டோஷொப்பில் ஒட்டினேன். 'செல்வன்', 'செல்வி' இரண்டிலும் கொம்பு ச-வுக்குப் பின்னால் தள்ளிப்போய் நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கொம்பை வெட்டி, தனி லேயரில் வைத்து, இழுத்துச் சரியான இடத்தில் ஒட்டினேன். கெட்டித்தனம் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த அண்ணன் பார்த்துவிட்டு, "மனே, காட்டில எத்தனை கொம்பு இருக்கு, எல்லாத்தையும் வெட்டப் போறியா?" என்று கேட்டார். பிறகு செட்டிங்கில் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றி, புதுப் பைல் ஒன்றைத் திறந்து ஒட்டிக் காட்டினார். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது.

காரணம் இதுதான். யூனிகோடில், அதாவது போனிலும் வட்ஸ்அப்பிலும் நாம் அடிக்கிற தமிழில், முதலில் ச, பிறகுதான் கொம்பு பதியும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள் பதிந்தபடியே காட்டும். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. அதில் அந்தச் சிக்கல் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முதலில் அடிக்கிறோம். அதனால் கோரல் ட்ரோ போன்ற எந்தப் பழைய டிசைன் மென்பொருளிலும் ஓடும். ஆனால் பாமினியில் 'அம்மா' என்பது உள்ளுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா போய்விடுவாள், அரைப்புள்ளிதான் மிஞ்சும். பாமினியில் காற்புள்ளி விசையை அழுத்தினால் 'இ' விழும். விலாசத்தில் காற்புள்ளி போடப் போய் 'அரசடிஇ மட்டக்களப்பு' என்று அடித்தவன் நான்.

பாமினி பழசு, விட்டுவிடலாமே என்று கேட்கலாம். விட முடியாது. கோயில் திருவிழா நோட்டீசுக்குப் போன வருசப் பைலைத் திறந்து, திகதியையும் உபயகாரர் பெயரையும் மாற்றுவதுதான் நடைமுறை. அந்தப் பைல்கள் எல்லாம் பாமினி. ஆட்கள் இப்போது அனுப்புவதோ யூனிகோட். இரண்டுக்கும் நடுவில் மாற்றி மாற்றி, மாற்றியதை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கத் தெரிந்தவருக்குத்தான் இங்கே வேலை. இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. யூடியூப்பிலும் நான் தேடிய காலத்தில் கண்ணில் படவில்லை.

கறுப்பும் அப்படித்தான். திரையில் கறுப்பு கறுப்புத்தான். அச்சில் அது நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், ஒரு மையின் பிளேட் (அச்சுத் தகடு) ஒரு மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். ண, ஞ போன்ற சுழி எழுத்துகள் அடைபட்டுப் போகும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 வீதம், வெட்டுக்கு ஓரத்தில் 3 மில்லிமீற்றர் கூடுதல், போட்டோ 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). வகுப்பில் இவை கொப்பியில் எழுதிய குறிப்பு. பிரஸ்ஸில் மெஷின் அண்ணன் கெட்டுப்போன தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்ததற்குப் பிறகு எனக்கு மறக்கவில்லை.

மறக்காத இன்னொன்றும் உண்டு. ஒரு 31ஆம் நாள் நினைவுக் காட்டில் 'வள்ளியம்மை' என்பதை 'வல்லியம்மை' என்று அடித்துவிட்டேன். வீட்டுக்காரர் புரூப் (அச்சுக்கு முன் சரிபார்க்கிற மாதிரித் தாள்) பார்த்துக் கையெழுத்தும் வைத்திருந்தார். துக்கத்தில் இருப்பவர் எழுத்தைப் பார்ப்பாரா? 300 காட் வீண். முதலாளி என்னிடம் காசு கேட்கவில்லை. அன்றிலிருந்து பெயர்களை விரல் வைத்துச் சத்தமாக வாசிக்கிறேன்.

பிரஸ்ஸில் பிடிக்கும் கெட்ட பழக்கங்களும் உண்டு. வெற்றிடம் கண்டால் பூ வைப்பது, இடம் போதாவிட்டால் எழுத்தை நசுக்குவது, ஒரே பெனரில் ஏழு நிறம். இதைக் கழற்ற எனக்கு இரண்டு வருசம் போனது. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் வகுப்பென்றால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட ஒரு கடதாசி இருக்கும். பிரஸ்ஸில் பழகியதற்கு முதலாளியின் வாய்ச்சொல்தான் சாட்சி. அப், வெப்சைட் டிசைன் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அந்த வேலையை நான் செய்ததில்லை. வீட்டிலிருந்து வெளிநாட்டு ஓடர் எடுக்கும் கூட்டாளி ஒருவன் காத்தான்குடியில் இருக்கிறான். அவன் வகுப்பைத்தான் சொல்வான், அவனுக்குத் தமிழ் அடிக்கிற தேவையே வருவதில்லை.

மருமகளிடம் மூன்று மாதம் பிரஸ், பிறகு வேண்டுமென்றால் வகுப்பு என்றேன். அக்காவுக்கு இன்னும் மனமில்லை: "பொம்பிளப் பிள்ளைய மெஷினுக்குப் பக்கத்தில விடுறதா?" டிசைன் மேசை மெஷின் அறையில் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். போன திங்கள் போய்விட்டாள். நேற்று வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, அவள் அடித்த பூப்புனித நீராட்டு விழாக் காட்டின் புரூப். பதினொரு இடத்தில் சிவப்புப் பேனை வட்டம்.