"அத்லெட் அப்பார்ட்மெண்ட்" என்று யாராவது விற்க வந்தால் லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்கக் கல்லூரியில் உங்கள் பிள்ளை ஏதாவது ஒரு டீமில் இருந்தால், அடுத்த வருட வீட்டுக்கு லீஸ் போடும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எங்களுக்கு டாலஸ் பக்கம் வீடு. மகள் டெக்சாஸிலேயே வேறொரு ஊரில் ஒரு டிவிஷன் ஒன் (கல்லூரி விளையாட்டில் மேல்மட்டப் பிரிவு) கல்லூரிக்காக கிராஸ் கன்ட்ரி, அதாவது திறந்தவெளி நெடுந்தூர ஓட்டம், ஓடிக்கொண்டிருந்தாள், பாதி ஸ்காலர்ஷிப்பில். முதல் வருடம் டார்மில் (காலேஜ் விடுதியில்) இருந்தாள், ஒரு குறையும் இல்லை. அடுத்த வருடத்துக்கு வெளியில் பார்த்தபோதுதான் எல்லாம் ஆரம்பித்தது.

காலேஜ் ஊர்களில் வரும் ஆகஸ்டுக்கான லீஸை முந்தின அக்டோபர், நவம்பரிலேயே வாங்கிவிடுகிறார்கள். 2024 நவம்பரில் நாங்கள் பார்த்த கட்டடத்தின் லீசிங் ஆபீஸில், எங்கள் எதிரிலேயே சொன்னார்கள்: "இது அத்லெட்டுகளுக்கான கட்டடம். காலேஜ் ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்டோடு எங்களுக்கு ஏற்பாடு இருக்கிறது. டீமை விட்டாலோ வேறு காலேஜுக்கு மாறினாலோ ஒரு மாத நோட்டீஸ் போதும்." மாடல் அறையில் காலேஜ் நிறத்தில் படுக்கை விரிப்பு, கீழ்த்தளத்தில் ஐஸ் குளியல் தொட்டி. இன்று ராத்திரியோடு இந்த வாடகை முடிகிறது, நாளைக்கு ஏறிவிடும் என்று ஒரு அவசரம் வேறு. மகள் கையெழுத்துப் போட்டாள், ஜாமீனாக நானும் போட்டேன்.

அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. பிறகு ஸ்போர்ட்ஸ் டிபார்ட்மெண்டில் கேட்டபோது அந்தக் கட்டடத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். வீரர்களுக்கென்றே தனி விடுதி என்பதை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 1996லேயே ஒழித்துவிட்டது. கல்லூரியின் சொந்த விடுதியில்கூட வீரர்கள் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கலாம்.

2025 ஏப்ரலில் கோச் மகளைக் கூப்பிட்டு, டீமில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். கல்லூரி வீரர்களுக்குப் பணம் கொடுப்பது தொடர்பான 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், டீமில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது, கிராஸ் கன்ட்ரிக்கு 17. நீதிமன்றம் இறுதி ஒப்புதல் தந்தது ஜூன் 6ஆம் தேதிதான், ஆனால் பல காலேஜ்களில் அதற்கு முன்பே ஆட்களைக் குறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அழுது முடித்து, வேறொரு காலேஜில் இடம் பிடித்தாள் பிள்ளை. லீஸ் இன்னும் தொடங்கக்கூட இல்லை, சாவியைக் கண்ணால் பார்க்கவில்லை.

ஆபீஸில் கேட்டால், லீஸில் அப்படி எதுவும் இல்லை, வாயால் சொன்னது எதுவும் செல்லாது என்று ஒரு பத்தியைக் காட்டினார்கள். ஆகஸ்ட் நடுவில் சாவி தந்து, ஜூலை கடைசியில் வெளியே அனுப்பிவிட்டு, 12 முழுத் தவணை கட்டச் சொல்லும் லீஸ் அது. ஒரே வழி, நம் இடத்துக்கு நாமே ஆள் பிடித்துத் தர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். சரி என்று கட்டினோம். மகளே அலைந்து, அந்தக் காலேஜுக்குப் புதிதாக வரும் ஒரு பெண்ணைப் பிடித்து ஆபீஸுக்கு அனுப்பி வைத்தாள்.

அங்கேதான் வயிறு எரிகிறது. அந்தப் பெண்ணை உட்கார வைத்துப் பேசி, அதே கட்டடத்தில் அவர்களுக்கே காலியாகக் கிடந்த வேறொரு அறைக்கு லீஸ் போட்டுவிட்டார்கள்! "எங்கள் காலி அறைகள் நிரம்பிய பிறகுதான் உங்களுடையது" என்று பதில். நாங்கள் பிடித்துக் கொடுத்த ஆள், நாங்கள் கட்டிய கட்டணம், ஆனால் எங்கள் கணக்கில் வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது. இதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

டீமில் இடம் பெரும்பாலும் ஒவ்வொரு வருடமாகத்தான் உறுதியாகிறது. லீஸோ அதற்கெல்லாம் முன்பே ஒரு வருடத்துக்குக் கட்டிப்போட்டு விடுகிறது. அதனால் வரும் வருடம் இடம் உண்டா என்று கோச்சிடம் எழுத்தில் வாங்கும்வரை காலேஜ் விடுதியிலேயே இருக்கட்டும். வெளியேதான் என்றால், டீமை விட்டால் லீஸ் முடியும் என்பதைத் தனி இணைப்பாக எழுதி அவர்கள் கையெழுத்தை வாங்குங்கள், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, கிராஸ் கன்ட்ரி, சாக்கர், வாலிபால் பிள்ளைகளைப் பெரும்பாலும் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், லீஸ் தொடங்குவதோ நடுவில். இடையில் எங்கே தங்குவது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு: சொத்துச் சட்டம் 91.006ஆம் பிரிவின்படி, குடியிருப்பவர் விட்டுப் போனால் நஷ்டத்தைக் குறைக்க வீட்டுக்காரரும் முயற்சி எடுத்தாக வேண்டும், அந்தக் கடமை இல்லை என்று லீஸில் எழுதினால் அந்த வரி செல்லாது. இதைச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறோம். மசியவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்குப் போகிறோம். 20,000 டாலர் வரை அங்கே வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். அந்தக் கட்டடத்தில் இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், எங்கள் கடிதத்தின் நகலைத் தருகிறேன்.